பதின்மூன்று வெற்றுச் சட்டகங்கள்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் குளிர்கால அரண்மனை இன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் பகுதியாகும். அங்குள்ள நீண்ட கூடம் ஒன்றில், 1812 முதல் 1814 வரை நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ரஷ்யப் படைத்தலைவர்களின் 332 உருவப்படங்கள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. இடையிடையே 13 சட்டகங்களில் முகம் இல்லை. பச்சைப் பட்டுத்துணியும் பெயரும் மட்டுமே உள்ளன.

இக்கூடத்தை அமைக்க விரும்பிய பேரரசர் முதலாம் அலெக்சாந்தர், 1818-இல் ஆஹன் மாநாட்டின்போது ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் டாவைச் சந்தித்தார். மறு ஆண்டே டாவ் ரஷ்யா வந்து சேர்ந்தார். பெரும்பாலான படங்கள் ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டவை: மார்பளவு உருவம், சீருடை, தோளணி, பதக்கங்கள். உயிரோடிருந்தவர்கள் ஓவியர்முன் அமர்ந்தனர். இறந்தவர்களுக்குக் குடும்பத்தாரிடமிருந்த பழைய படங்கள் துணைநின்றன. அத்தகைய படமும் கிடைக்காதவர்களுக்கு வெற்றுச் சட்டகமே எஞ்சியது. முகம் அழிந்தாலும் பெயருக்குரிய இடத்தை அரசு காத்தது.

ஆயினும் முகம் தீட்டப்பட்டும் இடம் மறுக்கப்பட்ட ஒருவர் உண்டு. படைத்தலைவர் செர்கேய் வோல்கோன்ஸ்கியின் படம் முன்னரே வரையப்பட்டிருந்தது. 1825 டிசம்பரில் எழுந்த கிளர்ச்சியின் தொடர்பில் அவர் கைதாகிச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1826 டிசம்பர் 25 அன்று கூடம் திறக்கப்பட்டபோது அவர் படம் அங்கு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது சுவரேறியது. போர்க்களத்தில் ஈட்டிய தகுதியை அரசியல் குற்றச்சாட்டு அழித்துவிட்டது.

மூன்றாவது வகை மறைவு ஒன்றும் உண்டு. அது தீட்டிய கைகளைப் பற்றியது. இத்தனை படங்களை டாவ் தனித்து முடிக்கவில்லை. வில்ஹெல்ம் கோலிக்கே, அலெக்சாந்தர் பொல்யாக்கோவ் ஆகிய இருவரும் அவருக்கு உதவினர். பொல்யாக்கோவ் படைத்தலைவர் கொர்னீலோவின் பண்ணையடிமை. 1822-இல் ஒப்பந்தத்தின் பேரில் டாவிடம் பணிக்கு விடப்பட்டவர். உடைமையாளரின் முகம் கூடத்தில் இடம்பெற்றது. அடிமையோ அக்கூடத்துக்காகத் தூரிகை பிடித்தும் விடுதலைக்கு 1833 வரை காத்திருந்தார், 1835-இல் மறைந்தார். கூடத்தின் புகழ் நெடுங்காலம் டாவின் பெயரோடு மட்டுமே வழங்கியது.

1837 டிசம்பரில் அரண்மனை தீப்பற்றியபோது கூடமும் எரிந்தது. ஆனால் படங்கள் அனைத்தும் தப்பின. அவற்றைச் சுவரிலிருந்து இறக்கி வெளியே சுமந்து சென்றவர்கள் சாதாரணப் படைவீரர்கள். படைத்தலைவர் என்ற பதவியே அச்சுவரில் இடம்பெறுவதற்கான தகுதியாக வகுக்கப்பட்டிருந்ததால், போரில் மாண்ட எளிய வீரர்களுக்கு அங்கே ஒரு வெற்றுச் சட்டகம்கூட ஒதுக்கப்படவில்லை.

இராணுவ உருவப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்பவர்கள் சீருடையையும் பதக்கத்தையும் கொண்டு காலத்தைக் கணிப்பது வழக்கம். அதற்கு அப்பால், எவர் விலக்கப்பட்டார், எவர் தீட்டினார், எவர் காத்தார் என்ற வினாக்களையும் எழுப்பும்போதே அச்சுவர் முழுமையான ஆவணமாகிறது.