லயனல் வெண்ட்டின் இருட்டறை

கண்ணால் கண்டதைப் பதிவு செய்வது மட்டுமே புகைப்படக் கலை என்று நம்புவோரை லயனல் வெண்ட்டின் சில உருவப்படங்கள் திகைக்க வைக்கும். உடலின் விளிம்பில் மையால் இழுத்தது போலக் கருங்கோடு ஒன்று ஓடும். அது தூரிகையின் வேலையன்று. இருட்டறையில் வெளிச்சம் வரைந்த கோடு.

வெண்ட் 1900இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை பறங்கியர் இனத்து நீதிபதி, தாய் சிங்களவர். இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் பயின்று திரும்பியவரை வழக்குமன்றம் ஈர்க்கவில்லை. வெள்ளவத்தையில் சிலி நாட்டுத் துணைத்தூதராகத் (கான்சல்) தனிமையில் வாடிய பாப்லோ நெருடாவுக்குப் புத்தகங்கள் அனுப்பிவைத்தவர் இவரே. 1934இல் வெளியான 'சாங் ஆஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிப்பதும் இவர் குரல்தான். புகைப்படத்தில் முழுமூச்சாக இறங்கியது முப்பதுகளில். 1938இல் லண்டனில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அந்தக் கருங்கோட்டின் சூட்சுமத்துக்கு சோலரைசேஷன் என்று பெயர். பாதி டெவலப் ஆன நெகடிவின் மீது ஓரிரு நொடி விளக்கைக் காட்டிவிட்டு, மீண்டும் டெவலப்பரில் இடவேண்டும். முன்பே கறுத்த பகுதிகளில் ஒளியை ஏற்கும் வெள்ளி உப்பு எஞ்சியிருப்பது குறைவு. வெளிறிய பகுதிகளோ புதிதாகக் கறுக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய கோடு ஒன்று வெளிறியே நின்றுவிடும். பிரிண்டில் அதுவே கருங்கோடு. பாரிஸில் மான் ரேயும் லீ மில்லரும் புகழ்பெறச் செய்த முறை இது. ஒரு நொடி கூடினாலும் படம் பாழ். பல நெகடிவ்களை இணைத்து ஒரே படமாக்குவதிலும் வெண்ட் தேர்ந்தவர். பியானோ கலைஞருக்கு இசைக்குறிப்பு எப்படியோ, அப்படியே அவருக்கு நெகடிவ். வாசிப்பு நிகழ்வது இருட்டறையில்.

1943இல் நவீன ஓவியர்களின் '43 குழு' அவர் இல்லத்தில் உருவானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெண்ட் மறைந்தார். அதன்பின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டன. 1950இல் நண்பர்கள் கொண்டுவந்த தொகுப்பும், அவர் கையால் அச்சிட்ட பிரிண்டுகளுமே இன்று நமக்குச் சாட்சி.

தாம்பரம், குரோம்பேட்டை ஸ்டுடியோக்களிலும் ஒரு காலத்தில் இருட்டறைகள் இருந்தன. நெகடிவின் மேல் பென்சிலால் முகங்களைச் செப்பனிட்ட கைகளும் இருந்தன. வெண்ட்டுக்கு வாய்த்த நண்பர்கள் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தாத்தா பாட்டி படங்களே அவர்களின் தொகுப்பு. கழற்றி எறியுமுன், பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருக்கிறதா என்றாவது பார்ப்போம்.