சுடுதளத்தின் சிவப்புக் கொடி

1860ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டன் பொதுவெளியில் விக்டோரியா அரசியார் துப்பாக்கி சுட்டார். சுட்டார் என்பதைவிட ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார் என்பதே பொருந்தும். விட்வொர்த் துப்பாக்கியொன்று முன்னரே குறிபார்க்கப்பட்டு, தாங்கியொன்றில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. குண்டு 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் மையத்தருகே பாய்ந்தது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதற்போட்டி இவ்வாறு தொடங்கிற்று. சுடுபவர் தவறு செய்ய வழியே இல்லாத ஏற்பாடு அது. சுடுதளத்துக்கு விதி வகுப்போர் அனைவரும் காணும் கனவு என்று அதைச் சொல்லலாம்.

பிரெஞ்சுப் படையெடுப்பு நேருமோ என்ற அச்சத்தில் ஆங்கிலேயர் தொண்டர்படைகளாகத் திரண்ட காலம் அது. அவர்களுக்குச் சுடும் பயிற்சியை ஊக்குவிக்கவே 1859இல் அச்சங்கம் நிறுவப்பட்டது. ஆனால் அது தேர்ந்துகொண்ட இடமோ மக்கள் உலவித் திரியும் பொதுவெளி. தொடக்கத்தில் இலக்குகள் இரும்புத் தகடுகளாக இருந்தன. குண்டு பட்ட இடத்தைக் கொடியசைத்து அறிவிப்பவர், இலக்கின் பக்கத்திலேயே ஒரு மறைப்புக்குள் அமர்ந்திருப்பார். சிவப்புக் கொடி உயர்ந்தால் சுடுவது நிற்க வேண்டும். எத்துணைத் தேர்ந்த வீரராயினும் அந்தத் துணித்துண்டுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

இன்றைய பொதுச் சுடுதளங்களின் விதிகளும் அந்தக் கொடியின் வழித்தோன்றல்களே. ஆணை பிறக்குமுன் தோட்டா இடலாகாது. துப்பாக்கியின் வாய் இலக்குத் திசையை விட்டு விலகலாகாது. நிறுத்தச் சொன்னதும் துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இலக்கருகே ஆள் இருக்கையில் எவரும் ஆயுதத்தைத் தொடலாகாது. பல இடங்களில் விரைந்து சுடுவதற்கும் தடை உண்டு. பல்லாண்டு பயின்றவர்களுக்கு இவை எரிச்சலூட்டும் என்பதை நாம் அறிவோம். 'எங்களைக் குழந்தைகளாக நடத்துகிறார்கள்' என்பது அவர்களது நெடுநாளைய முறையீடு. அம்முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும், விதி அவர்களது திறமையை எடைபோட வந்ததன்று. மண்மேட்டுக்கு அப்பால் நடந்து செல்பவருக்குச் சுடுபவர் வல்லவரா, கற்றுக்குட்டியா என்று தெரியாது. அவருக்குக் குண்டு மட்டுமே பொருட்டு.

விம்பிள்டனின் கதை இதைத்தான் காட்டுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் துப்பாக்கிகளின் வீச்சு மிகுந்தது. நகரமோ பொதுவெளியை நெருங்கி வந்தது. 1888இல் லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கி படையில் ஏற்கப்பட்டது. சிவப்புக் கொடி காக்கக்கூடிய எல்லையைக் குண்டுகள் கடந்துவிட்டன. 1889ஆம் ஆண்டுப் போட்டியோடு விம்பிள்டனை விட்டு நீங்கிய சங்கம், 1890இல் சர்ரி மாவட்டத்துப் பிஸ்லியில் குடியேறிற்று. அங்கே விதிகள் மீறப்பட்டதால் நேர்ந்த இடமாற்றமன்று இது. விதிகளோடு இருக்கவேண்டிய தொலைவு இல்லாமற்போனதே காரணம்.

நூறாண்டுக்குப் பின் இதைவிடக் கொடிய பாடம் வந்தது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைஞனிடமிருந்தவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். தளத்தின் விதி தளத்தின் வாயிலோடு நின்றுபோக, ஆயுதம் வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. விசாரணை நடத்திய கல்லன் பிரபு, பயன்படுத்தாத வேளைகளில் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளை இயங்காதபடி செய்யும் வழியை முதலில் பரிந்துரைத்தார். அரசு அதற்கும் மேலே சென்றது. 1997இன் முதற்சட்டம் .22 அளவிலான சிறு கைத்துப்பாக்கிகளை மட்டும், அவையும் உரிமம் பெற்ற சங்கங்களிலேயே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, விட்டுவைத்தது. அவ்வாண்டிலேயே வந்த இரண்டாம் சட்டம் அதையும் பறித்தது. சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிகளின் சுடும் பந்தயங்கள் பிஸ்லியில் நடந்தபோது, கைத்துப்பாக்கிப் பிரிவுக்குச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது.

ஒரு குற்றமும் செய்யாத ஆயிரக்கணக்கானோர் தாம் நேசித்த கலையை இழந்தனர். அவ்விழப்பைச் சிறிதென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்த முதற்சட்டத்தை எண்ணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஆயுதம் சங்கத்திலேயே இருக்கட்டும் என்ற கட்டுப்பாடு 1996க்கு முன்பே வந்திருந்தால், சுடுவோர் அதை எப்படி வரவேற்றிருப்பர்? அளவுகடந்த கெடுபிடி என்றே வெறுத்திருப்பர். அந்தக் கெடுபிடி இருந்திருந்தால், ஒருவேளை குழந்தைகளும் பிழைத்திருப்பர், கலையும் பிழைத்திருக்கும்.

நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டு முகஞ்சுளிப்பவரிடம் நாம் சொல்லக்கூடியது இதுவே. அந்தக் குரல் அவரது மகிழ்ச்சியை ஒரு நிமிடம் தள்ளிவைக்கிறது, அவ்வளவே. தள்ளிவைக்க எவருமில்லாத இடத்தில்தான் அம்மகிழ்ச்சி ஒரேயடியாகப் பறிபோயிற்று.