மஞ்சளும் பெருங்குடல் புற்றுநோயும்

மஞ்சள், மிளகு, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள பொருள்கள் உடல் பருமனை ஒட்டி வரும் பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்குமா என்ற ஆய்வின் பழைய நுனி ஒரு நிறமியில் இருக்கிறது. 1815இல் வோகலும் பெல்லெட்டியரும் மஞ்சளிலிருந்து குர்குமினைப் பிரித்தெடுத்தனர். 1910இல் அதன் வேதி அமைப்பு தெரிந்தது. நெடுங்காலம் அது வெறும் சாயமாகவே மதிக்கப்பட்டது. மறுபக்கம், ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் டெனிஸ் பர்கிட், அங்கு பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு நார்ச்சத்து மிகுந்த உணவே காரணம் என்று 1971இல் வாதிட்டார்.

சென்னையில் இக்கேள்விக்கு உயிர் கொடுத்தவை கணக்குகள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, 1982 முதல் நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. கருப்பை வாய்ப் புற்று குறைந்ததும் பெருங்குடல் புற்று ஏறியதும் அதில் தெரிந்தன. மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இங்கு எண்ணிக்கை இன்னும் குறைவுதான், ஏற்றம்தான் கவலை. பருமனும் பரவலாக இருந்தது: 2001இல் தொடங்கிய 'க்யூர்ஸ்' எனும் சென்னை நகர்ப்புற, ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் ஒரு பகுதியில், நகரத்தின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 46 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது. இந்திய அளவுகோலில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவு எல்லை.

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது, இன்சுலினை ஏற்றுகிறது, குடற்சுவரின் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. பாலிப் எனும் சிறு கட்டிகளில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகலாம். உடல் பருமனால் கூடும் புற்றுகளின் பட்டியலில் பெருங்குடலும் உண்டு என்று 2016இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்தது. இந்த அழற்சிப் பாதையைக் குர்குமின் சோதனைக் குழாயில் அடக்குகிறது. பருப்பிலும் கீரையிலும் உள்ள நார்ச்சத்தின் வழி வேறு: குடல் பாக்டீரியா அதைப் பியூட்டிரேட் எனும் கொழுப்பு அமிலமாக மாற்ற, அது குடற்சுவர்ச் செல்களுக்கு உணவாகிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். மயிலாப்பூர் வீட்டு ரசத்தில் விழும் கால் தேக்கரண்டியில் 20 மில்லிகிராம் அளவே. அதிலும் பெரும்பகுதி உடலில் சேராது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப் பொருளான பைபரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது உட்கிரகிப்பு 20 மடங்கு கூடியது. அந்தப் பைபரின் அரை கிராம் மிளகிலேயே கிடைத்துவிடும். ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராம் மஞ்சள்தூள் வேண்டும், ரசம் ரசமாக இராது.

பரம்பரைப் பாலிப் நோயாளிகள் ஐவரிடம் 2006இல் குர்குமினும் குவெர்செட்டின் எனும் தாவரப் பொருளும் சேர்ந்து பலன் காட்டின. அதே நோயில் 2018இல் 44 பேரிடம் நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமின் மட்டும் கொடுத்த கட்டுப்பாட்டு ஆய்விலோ வெற்று மாத்திரையைவிட எந்த மேன்மையும் இல்லை. முழுத்தானியத்துக்கும் நாருக்கும் உள்ள சான்று இதைவிட வலுவானது.

ஆனாலும் தியாகராய நகர் மருந்துக் கடைகளில் குர்குமின் மாத்திரை மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும். 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவுசெய்தனர். அவர்கள் உண்டவற்றுள் சில, மிளகுச் சாறு சேர்த்தவை.