164 கிரைண்டிங் மெஷின்கள்

சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் பால் பேரிங் எல்லோருக்கும் தெரியும். ஏவுகணைக்குத் திசை காட்டும் கைரோஸ்கோப்பிலும் பால் பேரிங் உண்டு. ஆனால் அது மிகச் சிறியது. அதில் குண்டுகள் உருளும் பள்ளம் துளி பிசகினாலும் ஏவுகணை இலக்கைத் தவறவிடும்.

அந்தப் பள்ளத்தைத் துல்லியமாகக் கிரைண்டிங் செய்யும் 'சென்டலைன்-பி' மெஷினைத் தயாரித்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த பிரையன்ட் நிறுவனம். 1960-ல் சோவியத் யூனியன் அதை வாங்க முயன்றது. அமெரிக்க வணிகத்துறை சம்மதித்தது, பாதுகாப்புத்துறை எதிர்த்தது. செனட் குழு விசாரித்தது. 1961-ல் விற்பனை நின்றுபோனது.

1972-ல் நிலைமை மாறியது. அதிபர் நிக்சன் சோவியத்துடன் நல்லுறவை நாடினார். 164 மெஷின்களுக்கு அனுமதி கிடைத்தது. நாம் விற்காவிட்டால் வேறு நாடு விற்கும் என்பது ஆதரித்தவர்களின் வாதம்.

1973-ல் சோவியத், ஒரே ஏவுகணையிலிருந்து பல குண்டுகளைத் தனித்தனி இலக்குகளுக்கு அனுப்பும் சோதனைகளைத் தொடங்கியது. பழி இந்த மெஷின்கள் மேல் விழுந்தது. ஆனால் அப்படி ஓர் ஏவுகணையை வடிவமைக்கவே பல ஆண்டுகள் ஆகும். முந்தைய ஆண்டு அனுமதி பெற்ற மெஷின்களா அதைச் சாதித்திருக்கும்? அவை பின்னாளில் துல்லியத்தைக் கூட்டினவா என்பதில்தான் உண்மையான சர்ச்சை.

1996-ல் நடைமுறைக்கு வந்த வாசெனார் உடன்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உயர்துல்லிய சி.என்.சி கிரைண்டிங் மெஷின்களும் உள்ளன. பழைய மெஷின் என்பதற்காக மட்டும் விலக்குக் கிடைக்காது. செகண்ட் ஹேண்டில் விலைதான் குறைகிறது. நல்ல மெஷின் அதே வேலையைத்தான் செய்யும். அதனால் விற்பவரிடம் இன்றும் கேட்கப்படுவது, 1960-ல் கேட்ட அதே கேள்விதான்: வாங்குபவர் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்?