சாபான் பெற்ற பெயர்கள்

ஒரு பொருளைக் கண்டறிந்தோர் அதற்குப் பெயரிடுதல் இயல்பு. காணாதோர் பெயரிடப் புகின் யாது நேரும் என்பதற்குச் சிறு விலங்கொன்றின் வரலாறு தக்க சான்றாகும்.

ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் பாலஸ்தீனத்துப் பாறைப் பிளவுகளிலும் கூட்டமாக வாழும் இவ்விலங்கு முயலளவினது, புறத்தே தோன்றும் வாலற்றது, குறுஞ்செவியினது. முன்னங்காலில் நான்கும் பின்னங்காலில் மூன்றுமாக விரல்களை உடையது. அவற்றுட் பெரும்பாலானவை குளம்பையொத்த நகம் வாய்ந்தவை. எபிரேயர் இதனைச் 'சாபான்' என்றும், அராபியர் 'வபர்' என்றும் வழங்கினர். இவ்விரு மக்களும் அதனைத் தம் நிலத்திற் கண்டவராதலின் அவர்தம் பெயர்களில் மயக்கமில்லை.

மயக்கம் பிறந்தது அப்பெயர் கடல் கடந்தபோதே. ஸ்பெயின் நாட்டுக் கரையில் முயல்களைக் கண்ட பினீசிய வணிகர், அவற்றைத் தம் நாட்டுச் சாபானெனக் கருதி அந்நிலத்திற்கு அப்பெயரை இட்டனர் என்றும், அதுவே 'ஹிஸ்பானியா' எனத் திரிந்தது என்றும் அறிஞர் சிலர் ஊகிப்பர். விவிலியத்தை மொழிபெயர்த்தோரும் அவ்வாறே தடுமாறினர். 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பு இதனைக் 'கோனி' என்றது. அஃது முயலைக் குறிக்கும் பழஞ்சொல். தமிழ் விவிலியமோ 'குழிமுசல்' என்றது. தானே வளை தோண்டாத விலங்கிற்குக் குழியும், முயலல்லாத விலங்கிற்கு முசலும் பெயராயின. 1652ஆம் ஆண்டிற்குப் பின் தென்னாபிரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்தரும், தம் நாட்டில் வளைதோண்டி வாழும் 'டாஸ்' என்னும் விலங்கின் பெயராலேயே இதனை 'டாசி' என்றழைத்தனர்.

விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். 1766இல் பல்லாஸ் என்பார் இதனைக் கினிப்பன்றியின் இனத்திற் சேர்த்தார். பின்னர் வழங்கிய 'ஹைராக்ஸ்' என்னும் பெயரோ கிரேக்கத்தில் மூஞ்சூற்றைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கூவியே என்னும் பிரெஞ்சு அறிஞர், பல்லையும் எலும்பையும் ஆராய்ந்து, இது கொறிக்கும் விலங்கன்று, குளம்புடையவற்றைச் சார்ந்தது எனத் தெளிவித்தார். இன்று மரபணு ஆராய்ச்சி மேலும் ஒருபடி சென்றுள்ளது. உயிர்வாழ் விலங்குகளுள் இதற்கு நெருங்கிய உறவு யானையும் கடற்பசுவுமேயாம். இவ்விலங்கு ஈழத்தில் இல்லை. எனினும் அதன் சுற்றம் நம் வன்னிக் காட்டிலும் மன்னார்க் கடலிலும் உண்டு!

காணாததைத் தம் மக்களுக்கு உணர்த்த முயன்ற மொழிபெயர்ப்பாளரை நாம் இகழ்தல் தகாது. அறிந்ததைக் கொண்டே அறியாததை விளக்குதல் யாவர்க்கும் பொதுவான நெறி. ஆயினும் தோற்றத்தின் ஒப்புமை உறவாகாது. பெயரின் ஒப்புமை உண்மையாகாது. கலைச்சொல் ஆக்கப் புகும் நம் மாணவர் இச்சிறு விலங்கை நினைவிற் கொள்வாராக.