சாக்லெட் கஞ்சி வந்த கடல்வழி



காலைப் பசியாறலுக்குச் சாக்லெட் கஞ்சி என்றால் நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிலிப்பீன்சிலோ அது மழைநாள் விடியலுக்கே உரிய உணவு. பெயர் 'சம்பொராடோ'. பசையரிசியை (நம் நாட்டுப் பூலூட் அரிசியேதான்) குழைய வேகவைத்து, வறுத்தரைத்த கொக்கோ வில்லைகளை அதில் கரைத்து, சர்க்கரையிட்டு, மேலே பால் ஊற்றிச் சுடச்சுட உண்பர். தொட்டுக்கொள்ளக் கருவாடு! பழைய சோற்றுக்குக் கருவாடு கடித்த தோட்டத்து மக்களின் பிள்ளைகளாகிய நாம் இதற்கு வியப்பானேன்? இனிப்பு திகட்டாதிருக்க உப்பு உதவுகிறது.

இக்கஞ்சியின் ஊர் மெக்சிகோ. அங்கே 'சம்புராடோ' என்பது மக்காச்சோள மாவும் கொக்கோவும் கலந்து காய்ச்சும் பானம். 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. மணிலாவிலிருந்து சீனப் பட்டும் பீங்கானும் சென்றன. பதிலுக்கு வெள்ளி வந்தது. கொக்கோச் செடியும் 17ஆம் நூற்றாண்டில் அவ்வழியே வந்து வேரூன்றியது. சோள மாவின் இடத்தை அரிசி பிடித்துக்கொண்டது.

பட்டையும் வெள்ளியையும் பற்றி நூல்கள் நிறையவே பேசுகின்றன. அக்கப்பல்களைக் கட்டிய கைகளைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 'போலோ' என்னும் கட்டாய உழைப்பு முறைப்படி, 16 முதல் 60 வயது வரையிலான ஆடவர் ஆண்டுக்கு 40 நாள் ஆட்சிக்கு உழைத்தாக வேண்டும். காட்டில் மரம் வெட்டுவதும் கவீத்தே துறையில் கப்பல் கட்டுவதும் அவ்வேலைகளுள் கொடியவை. சாமார் தீவினரையும் அத்துறைக்கு அனுப்பப் பணித்தபோது, 1649இல் சுமுரோய் என்பவர் தலைமையில் பாலாபாக்கில் கிளர்ச்சி மூண்டது. பிற தீவுகளுக்கும் பரவிய அது 1650இல் அடக்கப்பட்டது.

கொக்கோவிலும் மேல் கீழ் பார்க்கப்பட்டது. ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மீ தாங்கெரே' புதினத்தில் ஒரு பாதிரியார் வருகிறார். மதிப்புக்குரிய விருந்தினர் வந்தால் பணியாளிடம் 'ஏ' என்ற ஒலியுடன் சாக்லெட் கேட்பார், கெட்டியாக வரும். மற்றவர்க்கு 'ஆ', நீர்த்துப்போனதாக வரும். ஓரெழுத்தில் ஒரு சமூகத்தையே காட்டிவிட்டார் ரிசால்.

கடல்வழி ஒருதிசைப் பாதையன்று. அக்கப்பல்களில் சென்ற பிலிப்பீனோ மாலுமிகள் பலர் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டனர். கொலிமா வட்டாரத்தில் தென்னையில் கள் இறக்கவும் அதை வடித்துச் சாராயமாக்கவும் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே. ஸ்பானிய ஒயின் விற்பனை சரிகிறதென்று 17ஆம் நூற்றாண்டில் அச்சாராயத்தைத் தடைசெய்ய முயன்றனர். கள் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றும் கொலிமாத் தெருக்களில் அதைத் 'தூபா' என்னும் பிலிப்பீன்சுப் பெயராலேயே விற்கிறார்கள்.