ஒரு டாலர்ச் சாசனம்

வாங்கல் விற்றல் பற்றிய பாடத்தை மதறஸாவில் ஓதிக் கொடுக்கும்போது, 'ஐபு' என்னும் குறைபாட்டைப் பற்றிய அத்தியாயம் வந்தால் மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவர். பெரும்பாலும் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளாயிற்றே! குறையுள்ள பிராணியை விற்றவன், அழுகிய கனியை அடியில் வைத்து மேலே நல்லதைப் பரப்பியவன் ஆகியோரைப் பற்றிய மஸ்அலாக்கள் அவர்களுக்குக் கதைபோல் இனிக்கும். அவற்றுள் ஒன்று நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. "இப்பொருளில் எக்குறை இருப்பினும் நான் பொறுப்பல்லன்" என நிபந்தனையிட்டு ஒருவன் விற்றால், அந்நிபந்தனை அவனைக் காக்குமா? காக்கும் என்பர் ஹனஃபீ இமாம்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில் வலுவானதென எடுத்துரைக்கும் கருத்து வேறு. உயிர்ப் பிராணியின் உள்ளே மறைந்திருக்கும், விற்பவனும் அறியாத குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை செல்லும், மற்றவற்றுக்குச் செல்லாது. எனினும், குறையை விற்பவன் விண்டுரைக்க, வாங்குபவன் அறிந்தே ஏற்றுக்கொண்டால், பின்னர் அக்குறையைக் காட்டித் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவனுக்கில்லை. இதில் இரு சாராரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

இந்த மஸ்அலாவில் வருவோர் இருவர்தாம்: விற்பவன், வாங்குபவன். வாங்கப்பட்ட மனையில் நாள்தோறும் ஓடியாடப் போகும் மூன்றாமவர் ஒருவர் உண்டென்றால் அவர் நிலை என்ன? அமெரிக்க நாட்டில் 1953ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு சாசனத்தின் வரலாற்றைப் படித்தபோது இக்கேள்வி நம்மை வந்து பற்றிக்கொண்டது. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நியூயார்க் மாநிலத்தில், நயாகரா நீர்வீழ்ச்சியை அடுத்து அதே பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. 1890களில் வில்லியம் லவ் என்பவர் அங்கு வந்தார். ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரு கால்வாயால் இணைத்து, நீர் வீழும் வேகத்தில் மின்சாரம் எடுத்து, அதைச் சுற்றி ஒரு மாதிரி நகரம் எழுப்புவது அவர் கனவு. கால்வாய் வெட்டும் பணி தொடங்கியது. ஆனால் 1893இல் அந்நாட்டைப் பொருளாதார நெருக்கடி பிடித்தது. முதல் போட்டவர்கள் பின்வாங்கினர். போதாக்குறைக்கு, மாறுமின்னோட்டத்தின் வழியாக மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாம் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது. 1896இல் நயாகராவின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டிவிட்டது. ஆலைகள் கால்வாயோரத்தில்தான் அமைய வேண்டுமென்ற தேவை ஒழிந்தது. எஞ்சியது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளம். 'லவ் கால்வாய்' என்ற பெயரும் எஞ்சியது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அன்பு என்று பொருள். குடும்பப் பெயராக வந்த அது பின்னாளில் எத்துணைக் கசப்பான பெயராயிற்று என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

பள்ளத்தில் நீர் நிறைந்தது. கோடையில் சிறுவர் நீந்தினர். குளிரில் உறைந்த நீர்மேல் சறுக்கி விளையாடினர். பிறகு அது குப்பை கொட்டும் இடமாயிற்று. 1942 முதல் 1953 வரை, அந்நகரின் பெரிய வேதிப்பொருள் நிறுவனமாகிய ஹூக்கர், தன் ஆலைக் கழிவுகளை அங்கே புதைத்தது. பீப்பாய்களாகவும் வேறு வகையிலும் இறக்கப்பட்டவை 21,000 டன்னுக்கு மேல். பூச்சிமருந்து செய்கையில் எஞ்சியவை, குளோரின் கலந்த பென்சீன் வகைகள், மிகச் சிறிய அளவிலேயே கொடிய நஞ்சாகிய டையாக்சின் எனப் பல அவற்றுள் இருந்தன. பள்ளத்தின் களிமண் நீரை எளிதில் விடாது. ஆகவே அது பாதுகாப்பான புதைகுழி என்று கருதினர். அக்கால வழக்கத்தை நோக்கினால் இது பெருங்குற்றமாகத் தோன்றியிராது. மேலே களிமண் மூடி, புல் முளைத்தபின் அது வெற்று மைதானம் போலவே காட்சியளித்தது.

உலகப் போர் முடிந்த பின் நகரம் பெருத்தது. குழந்தைகள் பெருகினர், பள்ளிகள் போதவில்லை. நகரின் கல்வி வாரியம் விலை மலிந்த மனை தேடி ஹூக்கரை அணுகியது. வாரியம் அரசு அதிகாரத்தால் கையகப்படுத்திவிடும் என்றஞ்சியே மனையைக் கொடுத்ததாக நிறுவனத்தார் பின்னாளில் வாதாடினர். பழியைத் தள்ளிவிடும் பேச்சே அது என்றனர் எதிர்த்தரப்பினர். உள்ளே கிடப்பது இன்னதென்று தெரியாமல் வாரியம் ஏமாந்துவிட்டது என்று மட்டும் சொல்ல இயலாது. ஏனெனில் 1953 ஏப்ரல் 28ஆம் நாளிட்ட சாசனமே அதற்குச் சாட்சி.

அச்சாசனத்தில் விலை ஒரு டாலர். கூடவே ஒரு பிரிவு. இம்மனை முழுமையாகவோ பகுதியாகவோ வேதிப்பொருள் உற்பத்தியின் கழிவுகளால் நிரப்பப்பட்டுள்ளது. இதனை வாங்குவோர் அறிவர். இதனால் எழும் இடரையும் பொறுப்பையும் வாங்குவோரே ஏற்கின்றனர். எவருக்கேனும் காயமோ சாவோ உடைமைச் சேதமோ நேர்ந்தால் நிறுவனத்தின் மேல் வழக்கில்லை. பின்னர் இம்மனையை யாருக்கு மாற்றினாலும் இதே நிபந்தனை தொடரும். இதுவே அப்பிரிவின் சாரம். 'சாவு' என்ற சொல்லைப் பள்ளிக்கூட மனையின் சாசனத்தில் கண்டபின்னும் கையெழுத்திடத் துணிந்த கரங்களை நாம் என்னென்பது!

நம் மஸ்அலாவின்படி நோக்கினால் விற்பவன் குறையை விண்டுரைத்துவிட்டான், வாங்குபவன் ஏற்றுக்கொண்டான். அவ்விருவருக்கிடையே கணக்கு முடிந்தது. ஆயினும் அந்த வாரியம் தனக்காக வாங்கவில்லை. அது பிள்ளைகளுக்காக வாங்கியது. அவர்கள் பொருட்டு வலீயின் இடத்தில் நின்றது. தன் பொறுப்பிலுள்ள சிறுவருக்கு நலன் தருவதில் மட்டுமே வலீயின் கை செல்லும், அவர்களுக்குக் கேடு தருவதில் செல்லாது என்பது எல்லா மத்ஹபுகளிலும் அறியப்பட்ட சட்டம். தன் பணத்துக்கு வரும் நட்டத்தை ஒருவன் மன்னிக்கலாம். அனாதையின் பணத்துக்கு வரும் நட்டத்தை அவன் எவ்வாறு மன்னிப்பான்? பணமே அப்படியென்றால் உடலும் உயிரும் எம்மாத்திரம்? அச்சாசனத்தில் பிள்ளைகளின் கையெழுத்து இல்லை. பெற்றோரின் கையெழுத்தும் இல்லை. ஆனால் இடர் முழுவதும் அவர்களுக்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

கட்டடப் பணி தொடங்கியதும் மண் தானே பேசியது. தோண்டியோர் கழிவுப் பீப்பாய்கள் நிறைந்த குழிகளைக் கண்டனர். 1954 ஜனவரியில் கட்டடக் கலைஞர் இதனை வாரியத்துக்கு எழுதினார். என்ன கழிவென்றே அறியப்படாத இடத்தில் கட்டுவது நன்றன்று, அடித்தளக் காங்கிரீட்டையும் அது அரிக்கக்கூடும் என்றார். வாரியம் மனையைக் கைவிடவில்லை. கட்டடத்தைச் சில பத்து அடிகள் தள்ளி வைத்தது. மழலையர் விளையாடுமிடமும் குழிகளுக்கு நேர் மேலே அமைந்ததால் இடம் மாற்றப்பட்டது. 1955இல் 99ஆம் தெருப் பள்ளி ஏறத்தாழ 400 பிள்ளைகளுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நிலத்தின் ஒரு பகுதி உள்வாங்கிப் பீப்பாய்கள் வெளித்தெரிந்தன. பள்ளத்தில் மழைநீர் தேங்கியது. குட்டை கண்ட பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே அப்பிள்ளைகளும் செய்தனர்.

1957இல் மனையின் மிகுதியை வீடு கட்டுவோர்க்குக் கொடுத்துவிட வாரியம் எண்ணியது. அந்த நவம்பரில் நிறுவனத்தின் வழக்கறிஞரே கூட்டத்துக்கு வந்து, கீழே கிடப்பது இன்னதென எடுத்துரைத்து, அங்கு வீடு கட்டலாகாது என்றார். விற்றவனே வந்து எச்சரிக்கும் காட்சி உலக வணிகத்தில் அரிது! தன்மேல் பழி வராதிருக்க அவ்வாறு செய்தனர் என்று சொல்வாரும் உளர், இருக்கலாம். அன்றைய வாக்கெடுப்பில் அத்திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் 1960களின் தொடக்கத்துக்குள் வடபகுதி நகரசபைக்கும் தென்பகுதி தனியாருக்கும் கைமாறிவிட்டன. பள்ளத்தை ஒட்டிய தெருக்களில் வீடுகள் எழுந்தன. அவை பிறர் நிலத்தில் எழுந்தவை. ஆதலின் அவற்றை வாங்கிய தொழிலாளர் குடும்பங்களின் பத்திரங்களில் அந்த எச்சரிக்கை இடம்பெறவில்லை. களிமண்ணைக் குறுக்கே வெட்டிக் கழிவுநீர்க் குழாய்களும் பதிக்கப்பட்டன.

இன்னொரு செய்தியும் உண்டு. அதே வாரியத்தின் 93ஆம் தெருப் பள்ளியில் தாழ்வான இடத்தை நிரப்ப மண் வேண்டியிருந்தது. 99ஆம் தெருப் பள்ளி மனையின் மண்ணும் கொண்டுசென்று அங்கே நிரப்பப்பட்டது. ஒரு தீங்கை அதுபோன்ற தீங்கால் நீக்கலாகாது என்பது நம் ஃபுகஹாக்கள் வகுத்த விதி. இங்கோ ஒரு பள்ளியின் தீங்கு இரண்டு பள்ளிகளின் தீங்காயிற்று.

1970களின் நடுவில் பெருமழையும் பனியும் தொடர, நிலத்தடி நீர் மேலேறியது. வீடுகளின் நிலவறைகளில் கருஞ்சேறு கசிந்தது, நாற்றம் தாளவில்லை. 1976இல் உள்ளூர்ச் செய்தித்தாளான நயாகரா கெஜட்டின் நிருபர்கள், நிலவறை நீரிறைக்கும் குழிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கச் செய்து, நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதை வெளியிட்டனர்.

அவ்வட்டாரத்தில் லோயிஸ் கிப்ஸ் என்னும் ஓர் இளந்தாய். 1977இல் அவருடைய ஐந்து வயது மகன் 99ஆம் தெருப் பள்ளியில் சேர்ந்தான். சில மாதங்களில் அவனுக்கு வலிப்பு கண்டது. பள்ளியின் அடியில் கிடப்பதைப் பற்றி அவர் நாளிதழிலேயே முதன்முதல் படித்தார். கால் நூற்றாண்டாகச் சாசனத்தில் எழுதப்பட்டுக் கிடந்த செய்தி, அம்மனையில் மகனை விட்டுவரும் தாய்க்குத் தெரியவில்லை! மருத்துவர்களின் கடிதங்களோடு சென்று, மகனை வேறு பள்ளிக்கு மாற்றித் தருமாறு வேண்டினார். கல்வி அதிகாரி மறுத்தார். ஒரு பிள்ளையை மாற்றினால் பள்ளி முழுவதும் கெட்டது என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது அவர் கருத்து. அப்பதில்தான் அந்தத் தாயை வீடு வீடாகக் கதவு தட்டிக் கையொப்பம் வாங்கப் புறப்பட வைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் நோயின் கதை கேட்டார். கருச்சிதைவும் உறுப்புக்குறையும் பற்றிக் கேட்டார்.

1978 ஆகஸ்டு 2ஆம் நாள் மாநிலச் சுகாதார ஆணையர் ராபர்ட் வேலன் அவசரநிலை அறிவித்தார். பள்ளியை மூடவும், கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பள்ளத்தை அடுத்த வீடுகளினின்று வெளியேறவும் சொன்னார். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆகாத இடம் மூன்று வயதுக் குழந்தைக்கு ஆகுமா என்று தாய்மார் கேட்டனர். அக்கேள்விக்கு விடை சொல்ல எந்த ஆய்வகமும் தேவையில்லை என்றே நாம் எண்ணுகிறோம். ஐந்தே நாளில், ஆகஸ்டு 7இல், அதிபர் கார்ட்டர் நடுவணரசின் அவசரநிலையைப் பிறப்பித்தார். முதலிரு வரிசைகளில் இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எஞ்சியோர் மேலும் இரண்டாண்டுகள் போராடி, 1980 மே மாத இரண்டாவது அறிவிப்புக்குப் பின்னரே விடுதலை பெற்றனர். அவ்வாண்டே 93ஆம் தெருப் பள்ளியும் மூடப்பட்டது.

நோய்களுள் எவை இந்நஞ்சால் வந்தவை என்பதில் அறிஞரிடையே பெருஞ்சர்ச்சை நடந்தது. 1980இல் வெளிவந்த குரோமோசோம் ஆய்வு கடுமையாகக் குறை கூறப்பட்டது. அக்குறைகளில் நியாயமும் உண்டு. எண்ணிக்கை சிறிதாயிருக்கும் ஒரு தெருவில் திட்டமான விடை காண்பது அரிது. ஆனால் அந்தப் பெற்றோர் கேட்டது ஆய்வின் முடிவை மட்டுமன்று. தமக்குச் சொல்லாமல் தம் பிள்ளைகளின் மேல் இவ்விடரை ஏற்றும் உரிமை எவருக்கு உண்டு என்றே கேட்டனர்.

1980 டிசம்பரில், கைவிடப்பட்ட நச்சு நிலங்களைத் துப்புரவாக்கும் 'சூப்பர்ஃபண்டு' சட்டம் கையெழுத்தாயிற்று. அழுக்காக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996இல் நம் உச்சநீதிமன்றம் அதே கோட்பாட்டை உரைத்ததை நம் குடும்பங்கள் மறந்திரா. அவ்வழக்கின் சுமையை ஏற்றோரில் நம்மவரும் பலர்.

ஒரு டாலர்ச் சாசனத்தின் பிரிவு ஹூக்கரைக் காத்ததா? 1968இலேயே ஹூக்கரை ஆக்ஸிடென்டல் நிறுவனம் வாங்கியிருந்ததால் வழக்கு அதன்மேல் வந்தது. 1988இல் நடுவண் நீதிபதி கர்ட்டின், துப்புரவுச் செலவுக்கு நிறுவனம் பொறுப்பாளியே என்றார். 1994இல் அவரே, நிறுவனம் கவனக்குறைவாக நடந்தது உண்மை, ஆயினும் தண்டத் தொகை விதிக்குமளவு பொறுப்பற்று நடக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு மாநிலத்துக்கு 98 மில்லியன் டாலரும், மறு ஆண்டு நடுவணரசுக்கு 129 மில்லியன் டாலரும் தர நிறுவனம் உடன்பட்டது. அறிந்த குறையை நிபந்தனை மூடாது என்ற ஷாஃபிஈ சட்டத்தைப் படித்தவருக்கு இத்தீர்ப்பு புதிதாகத் தோன்றாது. வாங்கிய வாரியத்தின் பொறுப்பை வரலாற்றாசிரியர்கள் எழுதினர். ஆனால் வாரியத்தைச் சுட்டிய விரல்கள் குறைவு. நிறுவனத்தைச் சுட்டிய விரல்களே மிகுதி.

நம் ஊர்களிலும் மதறஸாவுக்கென்றும் பள்ளிக்கூடத்துக்கென்றும் நல்லோர் மனை வக்ஃபு செய்கின்றனர். பத்திரம் வந்ததும் முதவல்லிமார் நான்கு எல்லைகளையும் பரப்பளவையும் வில்லங்கத்தையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கின்றனர். அம்மனையில் முன்பு என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்து முதியவரைக் கேட்பவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

லவ் கால்வாயை 2004இல் நச்சு நிலங்களின் பட்டியலினின்று நீக்கினர். வடக்கே சில வீடுகள் செப்பனிடப்பட்டு வேறு பெயரில் விற்கப்பட்டன. கழிவுகள் மட்டும் எடுக்கப்படவில்லை. களிமண்ணும் செயற்கை விரிப்பும் போர்த்தி, சுற்றிலும் வேலியிட்டுள்ளனர். சுற்றிப் பதித்த வடிகால்களில் ஊறும் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையம் இன்றும் இயங்குகிறது. 99ஆம் தெருப் பள்ளிக் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. வேலிக்குள் புல் வளர்ந்திருக்கிறது.